எரிக்காத குதிரைமுடி

தேனியில் கம்பம் சாலையோரத் தகரக் கொட்டகையில் வேலைக்குக் கார் விட்டவர்கள் எல்லோருக்கும் கிருபாவதியின் ஒரு கிறுக்குத்தனம் தெரியும். பழைய இருக்கையைப் பிரித்தால் உள்ளே இருந்து வருவது நாரோ பஞ்சோ குதிரைமுடியோ, எதுவானாலும் சரி, வண்டிக்காரரை நிற்கவைத்து அவர் கண்ணுக்கு முன்னாலேயே சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடுவாள். "முழுக்க எரிஞ்சிருச்சா? நல்லாப் பாத்துக்கிட்டீகளா?" என்று கேட்பாள். ஆமாம் என்று அவர் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் புது வேலையில் கை வைப்பாள். அது யுத்த காலம். குதிரைமுடி கண்ணில் காணக் கிடைக்காது. சீமெண்ணெயையும் அளந்துதான் ஊற்றினார்கள். இந்தப் பொம்பளைக்குக் கொழுப்பு என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள்.

பேசுகிறவர்கள் எதையும் பேசுவார்கள். யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முன்னால் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் அவள் புருஷன் ஜேசுராஜ் ஒருவன்தான் அவளோடு இருந்தான், அவன் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

கிருபாவதி மதுரையில் மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். லேஸ் பின்னின கை எப்படிக் கார் இருக்கைக்கு வந்தது என்று கேட்டால், கல்யாணம் ஆனதால் வந்தது. ஜேசுராஜ் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் இருந்தவன். போடி வரைக்கும் ரயில் போட்ட பிறகு, மலைத்தோட்டத்துத் துரைமார் பிளசர் கார்களையும் கடைக்காரர்கள் லாரிகளையும் நம்பி தேனிக்கு வந்து கொட்டகை போட்டான். இரும்பும் தேக்கும் அவன் கையில். தோலும் கான்வாஸும் ஊசியும் அவள் கையில். வண்டியை எடுக்க வருகிறவர்கள் இருக்கையைத் தட்டிப் பார்த்து ஜேசுராஜைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அவனும் கூச்சமில்லாமல் தலையாட்டி வாங்கிக்கொள்வான். அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து வளைந்த ஊசியில் மெழுகு நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

நல்ல இருக்கைக்கு உயிர் குதிரைமுடியில் இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேல் தேங்காய் நார், நாருக்கு மேல் குதிரைமுடி, அதற்கு மேல் மெல்லிசாகப் பஞ்சு, பிறகு தோல். நாரை மட்டும் வைத்தால் ஒரு வருஷத்தில் முதுகில் குத்தும். இலவம்பஞ்சுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு மாசம் உட்கார்ந்தால் அப்பளமாகிவிடும். குதிரைமுடி மட்டும்தான் உட்கார்ந்தவர் எழுந்ததும் தானும் எழுந்திருக்கும். அதனால் அந்தத் தொழிலில் யாரும் அதை எறிவதில்லை. பிரித்து, சோப்புக்காரத்தில் வேகவைத்து, வெயிலில் காயப்போட்டு, கையால் சிக்கெடுத்தால் பழைய சுருள் திரும்பிவிடும். மூன்று வண்டி மாறின முடிகூட அவளிடம் இருந்தது. முடியை எறிகிறவளைத் தொழில் தெரியாதவள் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

முப்பத்துநாலாம் வருஷம் ஆடி மாசத்தில் கம்பத்து ஏலக்காய் வியாபாரி ராக்கையா ஒரு கறுப்பு மூடு பிளசரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கினது. கண்ணாடியும் வழவழப்புமாக ஒரு நகைப்பெட்டி மாதிரி இருந்தது. டிரைவர் நல்லகண்ணு இறங்கிப் பின்கதவைத் திறந்தான். உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ராக்கையாவின் மகள் சொர்ணலதா உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயசு. அந்த வயசுக்குக் கழுத்து எலும்பு அவ்வளவு தெரியக்கூடாது.

"மேஸ்திரி, இதோட கூரையை அறுத்துரணும்" என்றார் ராக்கையா.

ஜேசுராஜ் கூரையைச் சுற்றி வந்து பார்த்தான். "ஐயா, இது நல்ல கூடுங்களே. ஒரு கீறல்கூட இல்ல."

"எங்களுக்குத் தெரியாதா? டாக்டர் நல்ல காத்து பட்டுக்கிட்டே இருக்கணும்னு சொல்லிட்டாக. மாட்டுவண்டியில போனா குலுங்கி ரத்தம் வருது. இதுல மூச்சு முட்டுது. மேல தொறந்திருக்கணும், மழை வந்தா மூடணும். பின்னாடி சீட்டை மெத்தையாக்கிரு. படுத்துக்கிட்டே மலையைப் பாத்துட்டு வரட்டும்."

ஜேசுராஜ் ஒரு வாரம் அந்தக் கூரைமேல் ரம்பத்தை வைக்கவில்லை. மூடு வண்டிக்குக் கூரைதான் முதுகெலும்பு. அதை எடுத்துவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துபோகும், கதவு அதன் வாயில் உட்காராது. அடியில் இரண்டு பக்கமும் ஆங்கிள் இரும்பு வைத்து முடுக்கினான். பிறகுதான் அறுத்தான். கதவைப் பொருத்தும்போது வண்டி காலியாக இருக்கக்கூடாது என்பது அவன் கணக்கு. ஆள் எடைக்கு ஆறு நெல்மூட்டைகளை உள்ளே ஏற்றி வைத்து, அந்தத் தொய்வுக்குத்தான் கதவைச் சீவினான். அறுத்தெடுத்த கூரையைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டார்கள். கிருபாவதியின் கோழிகள் அன்றைக்கே அதற்குள் குடிபோய்விட்டன.

மெத்தைக்கு அளவெடுக்க வேண்டியிருந்தது. சொர்ணலதாவைப் பாயில் படுக்கவைத்து, தோள் எங்கே, இடுப்பு எங்கே, மூச்சு முட்டாமல் தலை எவ்வளவு தூக்கலாக இருக்க வேண்டும் என்று கிருபாவதி நூல் பிடித்துப் பார்த்தாள். நோய்க்காரி பக்கத்தில் போகாதே என்று ஜேசுராஜ் சொல்லித்தான் இருந்தான். அவள் போனாள். நூலைப் பிடித்துக்கொண்டு எட்டத்தில் நின்று யாருக்கு அளவெடுக்க முடியும்?

"அக்கா, கதவுல ஒரு பை வைப்பீகளா?" என்றாள் சொர்ணலதா.

"எதுக்குத் தாயி?"

"கிண்ணம் வைக்க. வண்டி நின்னா ஆளுக வந்து எட்டிப் பாக்காக. கிண்ணத்தைப் பாத்துட்டா அங்கிட்டு நகந்துருதாக. மூடி போட்ட பையா இருந்தாத் தெரியாதுல்ல."

சளி துப்புகிற கிண்ணம் அது. கிருபாவதி அளவை எழுதிக்கொண்டாள். எழுதுகிற எழுத்து அவள் கண்ணுக்குக் கலங்கித் தெரிந்தது. பையை உள்ளே மெழுகுத்துணி கொடுத்து, மேலே தோல் மடிப்பு வைத்து, பித்தளைப் பொத்தான் போட்டுத் தைத்தாள். அதற்குள் கிண்ணம் இருக்கிறது என்று தைத்தவளைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

வண்டியை எடுக்க வந்த அன்று சொர்ணலதா மெத்தையில் சாய்ந்து படுத்து, கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். "இதுக்குள்ள இருக்கிறது குதிரையோட முடின்னு அப்பா சொன்னாக. நெசமாக்கா?"

"நெசந்தான்."

"அப்ப நான் குதிரை மேல போறேன்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

எட்டு மாசம் அந்தப் பெண் குதிரை மேல் போனாள். தினமும் காலையில் கம்பத்தில் இருந்து கூடலூர், அங்கே இருந்து மலை அடிவாரம். தலைக்கு மேல் வானம், இரண்டு பக்கமும் வயல். மாசத்துக்கு ஒரு தடவை மதுரை டாக்டரிடம் போகும்போது தேனி வழியாக வண்டி வரும். கொட்டகைக்கு நேராக வந்ததும் நல்லகண்ணு வேகத்தைக் குறைப்பான், உள்ளே இருந்து ஒரு கை மேலே வரும். கிருபாவதி ஊசியை வாயில் கவ்விக்கொண்டு தன் கையை ஆட்டுவாள். மாசி மாசத்தோடு கை வருவது நின்றுபோயிற்று, வண்டி மட்டும் போனது. சித்திரையில், வீரபாண்டித் திருவிழாவுக்கு ஜனங்கள் சாலை நிறையத் தீச்சட்டி ஏந்திப் போய்க்கொண்டிருந்த வாரத்தில், சொர்ணலதா செத்துப்போனாள்.

பதினாறு கழிந்த மறுநாள் ராக்கையா வண்டியோடு வந்தார். இறங்கினவர் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்று பேசினார். அவள் தொட்டது எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சேலை, பாய், தலையணை, புத்தகம், சீப்பு எல்லாவற்றையும் தோட்டத்தில் குவித்து அவரே நெருப்பு வைத்துவிட்டார். மிச்சம் இருப்பது வண்டிக்குள் இருப்பதுதான்.

"உள்ள இருக்கிறது பூராத்தையும் எரிச்சிருங்க. நான் பாக்க மாட்டேன். எரிச்சாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டாப் போதும்" என்றார். "செகப்புத் தோல்ல புதுசா தெச்சிருங்க. ஆவணியில கர்ணனுக்குக் கல்யாணம்."

கர்ணன் அவர் மகன். வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடத்திவிட வேண்டும், இல்லையென்றால் வருஷக்கணக்கில் தள்ளிப்போகும். அவசர அவசரமாகப் பெண் பார்த்தார்கள். சுருளிப்பட்டியில் ராமுத்தாய் என்று ஒரு விதவை, கொஞ்சம் நிலத்தை வைத்துத் தனியாகவே பாடுபட்டு ஒரே மகளை வளர்த்திருந்தாள். அந்த மகள் சண்முகத்தாய்தான் பெண்.

கிருபாவதி இருக்கையைப் பிரித்தாள். தோலை எரித்தாள். நாரையும் பஞ்சையும் எரித்தாள். கதவுப் பையைப் பிய்த்து, கையில் ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு, அதையும் எரித்தாள். முடிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நீளநீளமான சீமைக் குதிரைமுடி, துரையின் வண்டியோடு வந்தது, அதைப் போல ஒன்றை அவள் அதற்கு முன்னால் தொட்டதில்லை. சுருள் சுருளாக விரலில் ஏறிக்கொண்டது. இதை எரிப்பது பாவம் என்றே அவளுக்குத் தோன்றியது. தொழில் கற்ற கைக்கு அது பாவமாகத்தான் தோன்றும்.

அண்டாவில் காரத்தைப் போட்டு மூன்று தரம் வேகவைத்தாள். ஆற்றங்கரைப் பாறையில் பத்து நாள் காயப்போட்டாள். ஜேசுராஜ் பாறைக்கு வந்து பார்த்தான்.

"எரிக்கச் சொன்னாகள்ல?"

"மூணு தடவை வேகவெச்சிருக்கேன். இதுல இன்னும் என்ன இருக்கப்போகுது?"

அவன் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டான். ராக்கையா வீட்டில் இருந்து நல்லகண்ணு வந்து கேட்டபோது, "எரிச்சாச்சுன்னு ஐயாகிட்டச் சொல்லிரு" என்றாள். அந்த முடியை மூட்டை கட்டி வைத்தாள். ராக்கையா வண்டிக்கு வைக்கிற எண்ணம் அப்போது அவளுக்கு இல்லை. வேறு எதற்காவது ஆகட்டும் என்றுதான் வைத்தாள்.

அந்த வண்டிக்குப் புதுமுடி பட்டணத்தில் இருந்து ரயில் பார்சலில் வர வேண்டும். வரவில்லை. ஜேசுராஜ் தினமும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வெறும் கையோடு வந்தான். முகூர்த்தத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. நாரை வைத்துத் தைத்துவிடலாம், இலவம்பஞ்சைத் திணித்துவிடலாம். ஆனால் பள்ளத்தாக்கே பார்க்கப்போகிற ஊர்வலத்தில் தான் தைத்த இருக்கை அமுங்கி நிற்பதை நினைத்தால் அவளுக்கு ஆகவில்லை. ஆள் செத்த முடியை அதே வீட்டுப் பெண்ணுக்கு வைக்கிறோம் என்ற நினைப்பு வந்தது. வந்ததை ஒதுக்கினாள். அவசரத்துக்கு இருக்கட்டும், பார்சல் வந்ததும் வண்டியைக் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மூட்டையை அவிழ்த்தாள்.

கம்பத்தில் ஊர்வலம் வந்தது. திறந்த பிளசரில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்து வருவதைப் பார்க்க ஆட்கள் வேலியில் ஏறி நின்றார்கள். கிருபாவதியும் கூட்டத்தில் நின்றாள். மணப்பெண்ணின் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. இருக்கை எங்காவது தொய்கிறதா, தையல் எங்காவது இழுக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. சிவப்புத் தோல் விம்மிக்கொண்டு நின்றது, அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் பின்னால் அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பத்து நாள் கழித்துப் பார்சல் வந்தது. புத்தம்புது இருக்கையை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று ராக்கையா கேட்டால் என்ன சொல்வது? அந்தப் புது மூட்டை கொட்டகை மூலையிலேயே கிடந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று மாசங்கள் ஓடின.

மறு வருஷம் சித்திரையில் கான்வாஸ் வார் அறுந்துபோயிற்று என்று நல்லகண்ணு வண்டியைக் கொண்டுவந்தான். வேலை முடிகிற வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவன், தானாகவே சொன்னான். "புதுசா வந்த சின்னம்மாவுக்கும் அதே இருமல் வந்திருச்சு. போன வாரம் ரத்தம் வந்துச்சு. சுருளிப்பட்டிக்கு நாந்தான் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்."

"வைத்தியத்துக்கு அனுப்பிச்சிருக்காகளா?"

"வைத்தியம் என்ன வைத்தியம், தள்ளி வெச்சுட்டாக. பொண்ணு வீட்டுல சீக்கை மறைச்சுக் கட்டிக்குடுத்துட்டாகன்னு ஊர் பூரா பேச்சு. அந்தம்மா ராமுத்தாயோட தம்பி ஒருத்தன் முந்தி ரத்தம் கக்கிச் செத்தானாம். அதைத் தோண்டி எடுத்துட்டாக."

கிருபாவதியின் கையில் இருந்த ஊசி கட்டைவிரலில் இறங்கியது. அவள் கவனிக்கவில்லை, நல்லகண்ணுதான் சொன்னான்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மூன்று தரம் காரத்தில் வெந்து, பத்து நாள் பாறையில் காய்ந்த முடியில் காசநோய்க் கிருமி உயிரோடு இருக்காது என்று இன்றைக்கு எந்த வைத்தியரும் சொல்வார். கூடப்பிறந்தவனாகச் சொர்ணலதாவோடு ஒரே வீட்டில் புழங்கின கர்ணன் அந்த வருஷம் பூராவும் இருமிக்கொண்டுதான் இருந்தான். அவன் மார்பில் காதை வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆண்பிள்ளை இருமினால் சளி என்றும், வந்த பெண் இருமினால் பரம்பரை நோய் என்றும் தீர்ப்புச் சொல்கிற ஊர் நம்முடையது. ஆனால் இதெல்லாம் கிருபாவதிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எரிக்கச் சொன்னதை எரிக்காமல், அதன்மேல் ஒரு பெண்ணை உட்காரவைத்தாள்.

தையலில் பழுது இருக்கிறது, இனாமாகவே சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி அந்த இருக்கையை இறக்கிக்கொண்டாள். நல்லகண்ணு போன பிறகு பிரித்தாள். முடியை ஒரு இழை விடாமல் பொறுக்கிக் கொல்லையில் வைத்து எரித்தாள். அந்த நாற்றத்துக்குச் சாலையில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். கூரைக்கடியில் இருந்த கோழிகள்கூட வெளியே ஓடிவிட்டன. மூலையில் கிடந்த புதுமுடியை வைத்துத் தைத்து அனுப்பினாள்.

அதோடு முடிந்துவிட்டதா? சுருளிப்பட்டியில் ஒருத்தி நோயோடும் பழியோடும் கிடந்தாள். ராக்கையாவிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் நோய் போகாது, பழி போய்விடும். அந்த வார்த்தை கிருபாவதி ஒருத்தியின் வாயில்தான் இருந்தது.

"சொல்லிட்டா?" என்றான் ஜேசுராஜ். "செத்தவ படுத்த முடியை எடுத்து வெச்சுத் தெச்சவுகன்னு ஆயிருவோம். அப்புறம் தேனியில இருந்து கூடலூர் வரைக்கும் எவன் நம்மகிட்ட வண்டி விடுவான்? தகரத்தைக் கழட்டிக்கிட்டு எங்கிட்டுப் போக?"

"அந்தப் பிள்ளை ஒண்ணும் பண்ணலையேங்க."

"நீ சொன்னா எந்திரிச்சு உக்காந்துருவாளா?"

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அவளும் பயந்தாள், அதனால்தான் அவன் பேச்சு அவளிடம் எடுபட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, ஜெபம் முடியும் முன்னாலேயே எழுந்து வந்துவிடுவாள். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. நல்லகண்ணு வரும்போதெல்லாம் கேட்பாள். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, கேட்ட பிறகு சோறு இறங்கவும் இல்லை. சண்முகத்தாயை ஊருக்கு வெளியே கடலைக்காட்டுக் குடிசையில் படுக்கவைத்திருக்கிறார்கள் என்றான் ஒரு தடவை. ராமுத்தாயைக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விடுவதில்லை, ஓடைக்குப் போய்த்தான் எடுத்துவருகிறாள் என்றான் இன்னொரு தடவை.

ஐப்பசி கடைசியில் அவன் வந்து, "இனி ரொம்ப நாள் தாங்காது போல" என்று சொன்னான். அன்றைக்கு அவள் தீர்மானம் பண்ணிக்கொண்டாள். கொட்டகை போனால் போகட்டும். ஜேசுராஜும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தடுக்கவில்லை. "இப்ப வேலைக்கு வந்திருக்கிற தோட்டத்துத் துரை வண்டிக்குக் கான்வாஸ் டாப்பை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ. வாக்குக் குடுத்துட்டேன்" என்றான். ஒரு வார வேலை. இவ்வளவு நாள் பொறுத்தோம், ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று அவளும் உட்கார்ந்து தைத்தாள்.

திங்கட்கிழமை கம்பத்துக்கு பஸ் ஏறினாள். ராக்கையா ஏலக்காய் பரப்பியிருந்த கொட்டடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷத்தில் பத்து வயசு ஏறினவராக இருந்தார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வேகவைத்தது, காயவைத்தது, எரித்துவிட்டதாகப் பொய் சொன்னது, கல்யாணத்துக்கு அதையே வைத்துத் தைத்தது. "அந்தப் பிள்ளை வீட்டுச் சீக்கு இல்லய்யா. என் கையால வந்தது" என்றாள். செருப்பைக் கழற்றி அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தாள். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

ராக்கையா ஏலக்காயில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "சண்முகத்தாய் போயிருச்சு. வெள்ளிக்கிழமை விடியக்காலம்" என்றார்.



"நீ எரிக்கலையா?" என்றார் மறுபடி. குரல் மாறியிருந்தது. "அப்ப அந்த முடி எங்கன இருக்கு?"

"சீக்குன்னு கேள்விப்பட்டதும் எடுத்து எரிச்சுட்டேன் ஐயா."

"முழுக்க எரிஞ்சிருச்சா?"

"முழுக்க."

"ஒரு பிடி? ஒரு பிடி கூடவா இல்ல?"

அவள் தலையை ஆட்டினாள். ராக்கையா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "எம்மக எட்டு மாசம் அதுலதான் தலை சாச்சுக் கெடந்தா. என் கையாலயே ஒண்ணுவிடாம எரிச்சேன். சீப்புல நாலு முடி இருந்துச்சு, அதைக் கூட எடுத்து வைக்கத் தோணல. டாக்டர் சொன்னாருன்னு எரிச்சேன்." துண்டுக்குள் இருந்தே பேசினார். இந்தப் பெண் தன்னை ஏமாற்றினாள் என்பது அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. ஏமாற்றினவள் கடைசிவரை ஏமாற்றியிருக்கக்கூடாதா என்று கேட்கிறவர் மாதிரி அழுதார்.

கிருபாவதிக்கும் அழுகை வந்தது. ஆனால் அவள் வந்தது அதற்கு இல்லையே. "ஐயா, சுருளிப்பட்டிக்கு ஒரு ஆளை அனுப்பிச்சு, அவுக மேல தப்பில்லன்னு சொல்லிவிடுங்க" என்றாள்.

"செத்த பிள்ளைக்குச் சேதி எதுக்கு? போ ஆத்தா, நீ போ."

அவர் ஆள் அனுப்பமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய துக்கத்தில் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு இடமில்லை. அப்படியே நடந்து சுருளிப்பட்டிக்குப் போனாள். வழியெல்லாம் நெல் கதிர் பிடித்து நின்றது. ஊருக்கு வெளியே கடலைக்காட்டில் அந்தக் குடிசையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. யாரைக் கேட்டாலும் தூரத்தில் நின்றபடியே கையைக் காட்டினார்கள்.

ராமுத்தாய் குடிசை வாசலில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் செத்து நாலாம் நாள். கடலை காத்திருக்காது. கிருபாவதி மண்ணிலேயே எதிரில் உட்கார்ந்து, தான் யார் என்று சொல்லி, ராக்கையாவிடம் சொன்ன எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். ராமுத்தாய் செடியை எடுப்பதும் காயைப் பிடுங்கிக் கூடையில் போடுவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவில்தான் கை நின்றது.

"அப்ப எங்க வீட்டுல இருந்து வந்தது இல்லையா?"

"இல்லத்தா."

"எந்தம்பிக்கு வந்தது இல்லையா அது?"

"இல்ல."

ராமுத்தாய் அவளைத் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. கிருபாவதி அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தா" என்றாள் ராமுத்தாய். "ஆத்தா, மாமனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கா, நாமதான் அந்த வீட்டை ஏமாத்திட்டோமான்னு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேப்பா. நானும் ஆமான்னுதான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? ஊரே சொல்லுது." கையில் இருந்த செடியைக் கீழே வைத்தாள். "போன புதன்கிழமை கூட நல்லா நெனவோடதான் இருந்தா. அன்னைக்கு வந்து இதை அவ காதுல போட்டிருக்கலாமேத்தா."

போன புதன்கிழமை கிருபாவதி கொட்டகையில் உட்கார்ந்து, துரை வண்டியின் கான்வாஸுக்குப் பித்தளை வளையம் அடித்துக்கொண்டிருந்தாள்.